சிதறிக் கிடந்தவை ஒன்றுசேரும்போது

1994ஆம் ஆண்டு. மரண தண்டனைக் கைதியாகச் சிறையில் இருந்த ஆட்டோ சங்கர் எழுதிய தன்வரலாற்றை வெளியிடப்போவதாக ‘நக்கீரன்’ இதழ் அறிவித்தது. காவல்துறை, ஆட்சிப்பணி அதிகாரிகள் சிலரோடு தனக்கு இருந்த நெருக்கத்தை அதில் அவர் எழுதியிருந்ததாகச் சொல்லப்பட்டது. அது பொய்யான நூல், வெளியிட்டால் நடவடிக்கை பாயும் என்று சிறைத்துறைத் தலைமையிடமிருந்து இதழுக்குக் கடிதம் வந்தது. இதழின் ஆசிரியர் ராஜகோபால் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். அக்டோபர் 7 அன்று வெளியான அந்தத் தீர்ப்பு, ‘ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு’ என்ற பெயரில் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் பாடம்.

தீர்ப்பு இரண்டு விஷயங்களைச் சொன்னது. ஒன்று, அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அந்தரங்க உரிமையும் அடக்கம். பிறர் தலையீடு இல்லாமல் தன்போக்கில் விடப்படும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. இரண்டு, ஒரு தகவல் நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணத்தில் ஏறிவிட்டால் அதன்மீது அந்தரங்க உரிமை கோர முடியாது. ஆகவே கைதியின் சம்மதம் இல்லாவிட்டாலும், பொது ஆவணங்களில் உள்ள அளவுக்கு அவருடைய வாழ்க்கையை இதழ் வெளியிடலாம்.

பத்திரிகைச் சுதந்திரத்துக்கு அது பெரிய வெற்றி. ஆனால் அந்த இரண்டாவது விதிக்கு அடியில், யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஓர் எண்ணம் இருந்தது. அன்று பொது ஆவணம் என்றால் பதிவறையில் நாடா கட்டி வைத்த காகிதக் கட்டு. அதைப் பார்க்க ஒருவர் மெனக்கெட வேண்டும்: மனுப் போட வேண்டும், நகல் கட்டணம் கட்ட வேண்டும், நாள்கணக்கில் அலைய வேண்டும். அந்த அலைச்சலே ஒரு வேலி. ஊரில் உள்ள எல்லோருடைய காகிதங்களையும் எடுத்து ஒன்றோடொன்று ஒட்டிப் பார்க்க அன்று எவருக்கும் நேரமோ ஆளோ கிடையாது.

செயற்கை நுண்ணறிவு அந்த வேலியைப் பிடுங்கிவிட்டது. தகவல் நம் கையைவிட்டுப் போகும் வாசலில்தான் தரவுச் சட்டங்கள் பெரும்பாலும் காவல் நிற்கின்றன: கேட்டு வாங்கினாயா, எதற்கென்று சொன்னாயா, பூட்டி வைத்தாயா? இந்தக் கேள்விகள் தேவைதான். இன்று வரும் கேடு வாசலைத் தாண்டி, துண்டுகளை ஒட்டி முடிவுகட்டும் உள்ளறையில் நடக்கிறது. அங்கே நம் சட்டத்துக்குப் பார்வை போதவில்லை.

இருபது டாலர் பட்டியல்

இது கணினி அறிவியலுக்குப் பழைய சேதி. 1990களின் நடுவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், தன் அரசு ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகளை ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. பெயர், முகவரி எல்லாம் நீக்கியாயிற்று, யாருக்கும் பாதகமில்லை என்று ஆளுநர் வில்லியம் வெல்ட் உறுதி சொன்னார். எம்.ஐ.டி.யில் மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, ஆளுநர் வசித்த கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை 20 டாலர் கொடுத்து வாங்கினார். இரண்டிலும் பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றும் இருந்தன. ஆளுநரின் பிறந்த தேதி கொண்டவர்கள் அந்த நகரில் ஆறு பேர். அவர்களில் ஆண்கள் மூவர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் இருந்தவர் ஒருவரே. ஆளுநரின் மருத்துவக் குறிப்பு அவர் கைக்கு வந்துவிட்டது. அந்த மூன்று விவரங்களை வைத்தே அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று பின்னர் அவர் கணக்கிட்டார்.

அடுத்த எடுத்துக்காட்டு நெட்ஃபிளிக்ஸ். படப் பரிந்துரையை மேம்படுத்துபவர்களுக்குப் பரிசு என்று அறிவித்து, 2006இல் சுமார் 4.8 லட்சம் சந்தாதாரர்கள் கொடுத்த 10 கோடி மதிப்பெண்களைப் பெயர் நீக்கி அந்நிறுவனம் வெளியிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அர்விந்த் நாராயணனும் விட்டாலி ஷ்மட்டிகோவும், ஐ.எம்.டி.பி. தளத்தில் சிலர் சொந்தப் பெயரில் எழுதியிருந்த விமர்சனங்களோடு அதைப் பொருத்திப் பார்த்தார்கள். பெயரில்லாத வரிசைகளுக்குப் பெயர் கிடைத்தது. ஒருவர் ஊரறிய மதிப்பிட்ட படங்களைக் கொண்டு, அவர் யாருக்கும் சொல்லாமல் பார்த்த படங்களையும் அறிய முடிந்தது. அவற்றிலிருந்து அவருடைய அரசியல், சமயச் சாய்வுகளை ஊகிக்கவும் வழி பிறந்தது.

இரண்டு நிகழ்விலும் திருட்டு இல்லை, பூட்டு உடைக்கப்படவில்லை. வெளியில் கிடந்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் நடந்தது. அன்று அதற்கு ஒரு கூர்மையான ஆய்வாளரும் சில வாரங்களும் தேவைப்பட்டன. இன்று அது இயந்திரத்தின் அன்றாட வேலை.

நம் ஊர்க் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மருந்துக் கடையில் சீட்டை நீட்டியதும் கடைப் பையன் தலை நிமிராமலே, “நம்பர் சொல்லுங்க” என்கிறான். சொல்கிறோம். அதே எண்தான் மளிகைக் கடைப் புள்ளிக் கணக்கிலும், அடுக்குமாடி வாசல் பதிவேட்டிலும், டாக்ஸி செயலியிலும், கடன் செயலியிலும் இருக்கிறது. சர்க்கரை மாத்திரை வாங்கியவர், மாதக் கடைசியில் மளிகையைக் குறைத்தவர், வாரம் ஒருமுறை ஒரே மருத்துவமனைக்கு வண்டி பிடித்தவர் என்று தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் மறைக்க ஒன்றுமில்லை. “என்கிட்ட ஒளிச்சு வைக்க என்ன இருக்கு?” என்று நாம் சொல்வதும் அதனால்தான். ஒரே எண்ணில் கோத்துவிட்டால் அது நோய், வருமானம், குடும்ப நிலை ஆகிய மூன்றும் அடங்கிய ஆளறிக்கை. அதை நாம் யாருக்கும் கொடுக்கவில்லை. அது நம்மைப் பற்றிப் புதிதாக உருவானது. கொடுத்த தகவலுக்குத்தான் ஒப்புதல் கேட்க முடியும். உருவான தகவலுக்கு யாரிடம் போய்க் கேட்பது?

சித்தப்பா போட்ட படம்

முகம் இன்னும் சிக்கலானது. எண்ணை மாற்றலாம், முகத்தை மாற்ற முடியாது. கிளியர்வியூ ஏஐ என்ற அமெரிக்க நிறுவனம் ஃபேஸ்புக், யூடியூப் உள்ளிட்ட தளங்களிலிருந்து 300 கோடிக்கு மேற்பட்ட படங்களை அள்ளி, முகத்தைக் கொடுத்தால் ஆளைச் சொல்லும் கருவியைக் காவல்துறைகளுக்கு விற்றுவருவதை 2020 ஜனவரியில் ‘நியூயார்க் டைம்ஸ்’ வெளிக்கொணர்ந்தது. நிறுவனத்தின் வாதம் நமக்குப் பழக்கமானதுதான்: எல்லாம் இணையத்தில் பொதுவில் கிடந்த படங்கள். ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. 2022இல் இத்தாலி, கிரேக்கம், பிரான்ஸ் ஆகியவை தலா 2 கோடி யூரோவும், 2024இல் நெதர்லாந்து 3.05 கோடி யூரோவும் அபராதம் விதித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், இணையத்திலிருந்தும் கண்காணிப்புக் கேமராக்களிலிருந்தும் இப்படி முகங்களை வகைதொகை இல்லாமல் வாரிச் சேர்ப்பதையே தடை செய்தது. அந்தத் தடை 2025 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இந்தியச் சட்டம் இங்கே வேறு பக்கம் நிற்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட தகவலுக்கும், சட்டக் கடமைப்படி வெளியிடப்பட்ட தகவலுக்கும் பொருந்தாது என்று மூன்றாவது பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. 1994இன் இரண்டாவது விதி புது வடிவில் வந்திருக்கிறது என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் இந்த விலக்கை ஊன்றிப் படித்தால் அது நினைத்த அளவுக்கு அகலமானதில்லை. ‘தாமே வெளியிட்ட’ என்பது முக்கியம். கல்யாண வீட்டில் எடுத்த குழுப் படத்தைச் சித்தப்பா ஃபேஸ்புக்கில் போடுகிறார். படத்தில் இருபது பேர். வெளியிட்டவர் ஒருவர்; மற்ற பத்தொன்பது பேர் தங்கள் முகத்தைத் தாமே வெளியிட்டவர்கள் அல்லர். அவர்களில் பந்தியில் உட்கார்ந்திருக்கும் ஏழு வயதுச் சிறுமியும் உண்டு. 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்று இதே சட்டம் கூறுகிறது. படங்களை அள்ளும் மென்பொருளுக்கு இந்த வேறுபாடு தெரியாது. தெரிந்துகொள்ள அது முயல்வதும் இல்லை. எது யாரால் வெளியிடப்பட்டது என்று பிரித்துக் காட்டும் பொறுப்பை அள்ளுபவர் தலையில் வைக்காதவரை, தன் தகவலைத் தானே வெளியிடும் ஒருவருக்காக எழுதப்பட்ட விலக்கு பெருநிறுவனங்களுக்குத் திறந்த கதவாகிவிடும்.

மாவில் கலந்த உப்பு

ஒரு தகவலை நீக்கச் சொல்லும் உரிமையை ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை தனது 17ஆவது பிரிவில் தருகிறது. இந்தியச் சட்டமும் அழிக்கக் கோரும் உரிமையைத் தருகிறது. கோப்பில், அட்டவணையில் இருக்கும் தகவலுக்கு இது சரி. மொழி மாதிரிகள் அப்படி எதையும் வரிசையில் அடுக்கி வைப்பதில்லை. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துக் கணித்து, உள்ளே இருக்கும் எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்கின்றன. ஒருவரைப் பற்றிய பக்கம் அந்த எண்களெங்கும் பரவிவிடுகிறது. இட்லி மாவில் உப்பு கலந்த பிறகு அந்த உப்பை மட்டும் எடுத்துக் கொடு என்று கேட்பதுபோல் ஆகிவிடுகிறது நீக்கக் கோருவது.

கலந்துவிட்டால் காணாமல் போய்விடும் என்றும் நம்ப முடியாது. ஜிபிடி-2 மாதிரியை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வொன்று, பயிற்சித் தரவில் ஒரே ஓர் ஆவணத்தில் இருந்த பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி போன்றவற்றைக்கூட அது அப்படியே ஒப்பிப்பதைக் காட்டியது. 2023இல் மற்றோர் ஆய்வுக் குழு, ‘கவிதை’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லை முடிவில்லாமல் திரும்பத் திரும்பச் சொல்லும்படி சாட்ஜிபிடியிடம் கேட்டது. சில நூறு முறை சொன்ன பிறகு அது தடம் புரண்டு, உண்மையான ஒருவரின் தொடர்பு விவரங்களைக் கக்கத் தொடங்கியது.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. நார்வேக்காரர் ஒருவர் தன்னைப் பற்றிச் சாட்ஜிபிடியிடம் கேட்டபோது, தன் பிள்ளைகளைக் கொன்று சிறை சென்றவர் என்று அது பதில் சொன்னது. கொலை முழுக்கக் கற்பனை. ஆனால் ஊரும், பிள்ளைகளின் எண்ணிக்கையும் உண்மை. மெய்யோடு கலந்து வருவதால்தான் இந்தப் பொய் ஆபத்தாகிறது. அவர் சார்பில் 2025இல் புகார் பதிவானது. அதற்கு முன்பே, 2023 மார்ச் இறுதியில், இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு அந்தச் சேவையைத் தன் நாட்டில் நிறுத்தியது. பயிற்சிக்காகத் தகவல்களைத் திரட்டச் சட்ட அடிப்படை எது, வரும் பதில் தவறாக இருந்தால் திருத்துவது எப்படி, பயன்படுத்துபவரின் வயதை யார் சரிபார்ப்பது ஆகியவை அது எழுப்பிய கேள்விகள். சில மாற்றங்களுக்குப் பின் ஏப்ரல் 28 அன்று சேவை திரும்பியது.

மறக்கப்படும் உரிமை பற்றிய நம் நீதிமன்றங்களின் தடுமாற்றத்தையும் இங்கே நினைக்கலாம். குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்ட ஒருவர், தீர்ப்பின் நகலிலிருந்து தன் பெயரை நீக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். 2021இல் தனி நீதிபதி, சட்டம் வரட்டும் என்று மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு பெயரை மறைக்க உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. நீதிமன்றம் வெளிப்படையாக இயங்க வேண்டும் என்பதும் நியாயம், விடுதலையானவரைப் பெயர் துரத்தக் கூடாது என்பதும் நியாயம். இந்த இழுபறி தீர்வதற்குள் அந்தத் தீர்ப்பின் நகல் எத்தனை மாதிரிகளின் வயிற்றுக்குள் போயிருக்கும் என்பதை எந்த நீதிமன்றமும் அளக்க முடியாது.

வழியே இல்லை என்பதல்ல. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், பயனர்களின் படங்களை முறையின்றிப் பயன்படுத்திய எவரால்பம் என்ற நிறுவனத்தைப் படங்களோடு சேர்த்து, அவற்றைக் கொண்டு உருவாக்கிய முக அறி மாதிரிகளையும் அழிக்க வைத்தது. அது 2021. தவறான வழியில் வந்த உப்பைப் பிரிக்க முடியாதென்றால் மாவையே கொட்டு என்பது அதன் பொருள். அபராதத்தைச் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ளப் பழகிய நிறுவனங்களை இப்படிப்பட்ட உத்தரவுதான் உலுக்கும்.

கார் வைத்திருந்த ரிக்‌ஷாக்காரர்

இதுவரை பார்த்தது மானம், பெயர் சார்ந்த இழப்பு. இயந்திரத்தின் முடிவு சோற்றிலும் கை வைக்கும். தெலங்கானா அரசு, ‘சமக்ர வேதிகா’ என்ற அமைப்பின் மூலம் வாகனப் பதிவு, சொத்து, மின்கட்டணம் எனப் பல துறைகளின் பதிவுகளை இணைத்து, நலத்திட்டத்துக்குத் தகுதியில்லாதவர்களைக் கண்டறிய முற்பட்டது. ஒரு மூதாட்டிக்கு மானிய அரிசி மறுக்கப்பட்டது. காரணம், இறந்துபோன அவர் கணவர் பெயரில் கார் இருந்ததாம். கணவர் ரிக்‌ஷா இழுத்தவர். கார், பெயர் ஒத்த வேறொருவருடையது. அம்மாநிலத்தில் 2014க்கும் 2019க்கும் இடையே 18 லட்சத்துக்கு மேற்பட்ட உணவு அட்டைகள் நீக்கப்பட்டன. நீக்கப்பட்டவற்றை வீடு வீடாகச் சென்று சரிபார்க்கும்படி 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

தமிழ்ப் பெயர்களை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பார்த்தால் பிரச்சினை விளங்கும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துத்தான். அது ஓர் அட்டையில் முன்னால் வரும், இன்னொன்றில் பின்னால் வரும், கடவுச்சீட்டில் தந்தையின் முழுப்பெயராக விரியும். கனிமொழியின் ழகரத்தை ஒரு குமாஸ்தா இசட்-ஹெச் என்று தட்டுவார், மற்றவர் வெறும் எல் என்று தட்டுவார். ஒரே தெருவில் நான்கு எஸ். முருகன் இருப்பார்கள். ஊர்க்காரருக்கு ‘டீக்கடை முருகன்’, ‘வாத்தியார் முருகன்’ என்று பிரித்தறியத் தெரியும். இயந்திரம் ஒற்றுமையை விழுக்காட்டில் அளந்து, ஒரு கோட்டைத் தாண்டினால் ஒரே ஆள் என்று எழுதிவிடும். டெல்லி காவல்துறை முக ஒப்பீட்டில் 80 விழுக்காட்டுக்கு மேல் பொருந்தினால் ‘பொருத்தம்’ என்று எடுத்துக்கொள்வதாகத் தகவல் உரிமைச் சட்டப் பதில் ஒன்றில் தெரியவந்தது. அந்தக் கோடு ஏன் 80இல் இருக்கிறது, 95இல் இல்லை என்பதை எந்தச் சட்டமன்றமும் விவாதிக்கவில்லை.

இப்படிப்பட்ட முடிவை எதிர்த்துக் கேட்க என்ன உரிமை இருக்கிறது? ஐரோப்பிய ஒழுங்குமுறையின் 22ஆவது பிரிவு, முழுக்கத் தானியங்கியாக எடுக்கப்படும் முக்கிய முடிவுகளுக்கு உட்படாதிருக்கும் உரிமையைத் தருகிறது. நெதர்லாந்தில் நலத்திட்ட மோசடியை ஊகிக்க அரசு பயன்படுத்திய ‘சிரி’ அமைப்பு மனித உரிமைக்கு முரணானது என்று ஹேக் நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இலங்கையின் 2022ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அதன் அமலாக்கம் தள்ளிப்போனாலும், தானியங்கி முடிவை மீளாய்வு செய்யக் கோரும் உரிமையை எழுத்தில் வைத்திருக்கிறது. இந்தியச் சட்டத்தில் அந்த உரிமை இல்லை. மிகப் பெரிய தரவு நிறுவனங்கள் தங்கள் மென்பொருளால் மக்களின் உரிமைக்குப் பாதிப்பு வராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அச்சட்டத்தின் கீழ் வந்த விதிகள் சொல்கின்றன. அது நிறுவனத்தின் கடமை. பாதிக்கப்பட்டவர் கையில் இருக்கும் கருவி அல்ல.

கையெழுத்தும் பொறுப்பும்

ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்றார்கள். அரசு அதில் தலையிட வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தலையீடு தேவைக்கு மிஞ்சாமல் இருக்க வேண்டும் என்ற அளவுகோல்களும் வந்தன. அதன் பிறகு ஆறு ஆண்டுகள் கழித்து வந்த தரவுச் சட்டத்தில் நல்லவையும் உள்ளன. ஒப்புதல் அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட 22 அட்டவணை மொழிகளிலும் படிக்க வழி செய்ய வேண்டும் என்பது சிறிய விஷயமல்ல. பாதுகாப்புக் குறைபாட்டுக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் உண்டு.

ஆனால் அந்தத் தண்டம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். தரவு கசிந்து பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கேட்க வழி தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு, புதிய சட்டம் முழுமையாக அமலுக்கு வரும்போது நீங்கிவிடும். அரசு தான் விரும்பும் அமைப்புகளுக்கு நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைச் சொல்லி முழு விலக்கு அளிக்கலாம். இன்னொரு திருத்தம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் தொடுகிறது. தனிநபர் தகவலானாலும் பொதுநலன் இருந்தால் வெளியிடலாம் என்று அதன் 8(1)(ஜே) பிரிவுக்குள் இருந்த வாசகம் எடுக்கப்பட்டு, ‘தனிநபர் தகவல்’ என்றாலே மறுக்கும் வாய்ப்பு விரிந்திருக்கிறது. பொதுநலனை எடைபோடும் வேறொரு பிரிவு எஞ்சியிருந்தாலும், அதைப் பயன்படுத்துவது அதிகாரியின் மனதைப் பொறுத்தது. 2025 நவம்பரில் விதிகள் வெளியானபோதே இந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்துவிட்டது. குடிமக்களுக்கு உரிமை தரும் பிரிவுகளுக்கோ 18 மாதத் தவணை. அந்தரங்கத்தின் பெயரால் முதலில் திரை கிடைத்தது அலுவலகங்களுக்கு. நக்கீரன் வழக்கில் அதிகாரிகளின் பெயரைக் காக்க நினைத்தவர்கள் இதைக் கண்டு மகிழ்ந்திருப்பார்கள்.

அறத்தின் பக்கமிருந்து பார்த்தால் கேள்வி எளிது. ஒப்புதல் என்பது சமமானவர்களுக்கிடையே பொருளுள்ள சொல். கடன் அவசரத்தில் இருப்பவர், மகனின் சான்றிதழுக்காக நெட் சென்டரில் வரிசையில் நிற்பவர், ‘ஏற்கிறேன்’ என்பதைத் தொடாமல் அடுத்த பக்கம் போக முடியாது. அந்தத் தொடுதலை வைத்துப் பொறுப்பு முழுவதையும் அவர்மேல் ஏற்றுவது, கைநாட்டு வாங்கிக்கொண்டு நிலத்தை எழுதிக்கொண்ட பழைய கந்துவட்டிக் கணக்குக்கு வெகு தூரமில்லை. தமிழ்நாடு அரசு 2020இலேயே பாதுகாப்பான, அறம் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. அரசுத் துறைகள் இத்தகைய கருவிகளைப் பொதுமக்கள் மீது பயன்படுத்தும் முன் வெளிப்படைத்தன்மை, சமத்துவம், அந்தரங்கம், தணிக்கை ஆகியவற்றில் மதிப்பெண் இட வேண்டும் என்பது அதன் சாரம். பொறுப்பைக் குடிமக்களின் கைநாட்டிலிருந்து கருவியை நிறுவுபவரின் மேசைக்கு மாற்றும் சரியான யோசனை அது. கொள்கையாக நிற்கும்வரை அதை மீறியவரை வழக்குக்கு இழுக்க முடியாது, சட்டமானால் முடியும்.

ராஜகோபால் வழக்குத் தீர்ப்பில் பலரும் மேற்கோள் காட்டாமல் தாண்டிப்போகும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பொது ஆவணத்தில் இருப்பதை எவரும் வெளியிடலாம் என்று சொன்ன அதே பத்தியில், பாலியல் வன்முறைக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயரை மட்டும், அது ஆவணத்தில் இருந்தாலும், ஊடகத்தில் போடக் கூடாது என்று நீதிபதிகள் எழுதினார்கள். ஆவணம் அதேதான், அறையும் அதேதான். அதை எடுத்து வெளியே வைத்தால் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்பதை அவர்கள் கணக்கில் எடுத்தார்கள். தரவு எங்கே கிடந்தது என்பதோடு நின்றுவிடாமல், சேர்த்துப் பார்த்ததால் யாருக்கு என்ன நேர்ந்தது என்று தரவுச் சட்டத்தின் கீழ் அமையும் புதிய தரவுப் பாதுகாப்பு வாரியமும் நீதிமன்றங்களும் கேட்கத் தொடங்கினால், அது ஐரோப்பாவிடமிருந்து கடன் வாங்கிய கேள்வியாக இருக்காது. முப்பது ஆண்டுகளுக்கு முன் சென்னை இதழ் ஒன்றின் வழக்கில் நம் நீதிமன்றமே எழுதிவைத்த கேள்விதான் அது.